அப்பாவின் த்ரீ டன்

"பாரமுராவுல நான் இப்படி எறங்கியிருந்தா நீ பொறந்திருக்கவே மாட்ட."

ஏலகிரியிலிருந்து காரில் இறங்கிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னது இது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். நான் மூன்றாவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கிக்கொண்டிருந்தேன். பாதி மலை வருவதற்குள் கருகல் வாடை அடித்தது. "ஏறுன கியர்லயே எறங்குடா" என்று ஓர் அதட்டல். அதற்கு அப்புறம்தான் அந்தப் பாரமுரா. அது ஆளா, ஊரா, ஏதாவது வண்டியா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை.

எங்களுக்கு வேலூர் பக்கம். வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் என்று பேர் வாங்கிய கம்மவான்பேட்டை அளவுக்கு இல்லாவிட்டாலும், எங்கள் தெருவிலும் நாலைந்து பேர் ராணுவத்தில் இருந்தவர்கள்தான். அப்பா 1967-ல் சேர்ந்து 1985-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். ஏ.எஸ்.சி. பிரிவில் டிரைவர். ஆர்மி சர்வீஸ் கோர் என்பது சண்டை போடுகிறவர்களுக்கு அரிசி, மாவு, எண்ணெய் என்று வேண்டியதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிற படை. 1971 பாகிஸ்தான் போரின்போது அவர் கிழக்கே இருந்தார் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் "போனோம், வந்தோம்" என்பார். நச்சரித்தால், "நான் என்ன துப்பாக்கியா சுட்டேன்? லாரி ஓட்டுனேன். அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

மனசு கனத்துப் போய்த்தான் பேசாமல் இருக்கிறார் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சில வீட்டில் அது உண்மையாகவும் இருக்கும். எங்கள் வீட்டில் விஷயம் வேறு. லாரி ஓட்டியதைப் போர் என்று அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நாங்கள் போரைப் பற்றிக் கேட்டோம், தன்னிடம் அது இல்லை என்று அவர் நினைத்தார். அவ்வளவுதான்.

அந்த ஏலகிரிப் பயணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேள்வியை மாற்றினேன். "பாரமுராவுல என்ன வண்டிப்பா ஓட்டுனீங்க?"

"த்ரீ டன். சக்திமான்."

அன்றைக்குக் காலை டிபனில் ஆரம்பித்த பேச்சு, அம்மா வந்து "சாப்பாடு ஆறுது" என்று இரண்டு தடவை அதட்டும் வரை ஓடியது.

சக்திமான் ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் செய்த லாரி. 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 1996 வரை வந்தது. நீண்ட மூக்கு, நாலு சக்கரத்துக்கும் இழுவை. பட்டாளத்தில் வண்டிக்குப் பெயரைவிட எடைதான் அடையாளம்: ஒன் டன், த்ரீ டன். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போல அப்பா அதைப் பற்றிப் பேசினார். எந்தக் கியர் முரண்டு பிடிக்கும், சேற்றில் எப்போது முன் சக்கரத்தைச் சேர்க்க வேண்டும், காலையில் எதை எதைத் தொட்டுப் பார்த்த பிறகு சாவியைத் தொட வேண்டும் என்று ஒன்று விடவில்லை. பேசும்போது இடது கை காற்றில் கியர் போடுகிறது, கால் தரையில் கிளட்ச்சை மிதிக்கிறது. முதல் நாள் குரலை மட்டும் பதிவு செய்தேன். அந்தக் கையையும் காலையும் பார்த்த பிறகு வீடியோவுக்கு மாறிவிட்டேன்.

பதிவு செய்வதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஃபேனை நிறுத்திவிடுங்கள். முதல் மூன்று பதிவில் ஃபேன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது, அப்பா தூரத்தில் எங்கோ பேசுகிறார். இருபது, முப்பது நிமிஷத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதியையும், யார் யார் உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள். நான் ஃபைலுக்கு 'அப்பா 1', 'அப்பா புதுசு', 'அப்பா புதுசு 2' என்று பெயர் வைத்து, அப்புறம் எது எந்த வருஷத்தில் எடுத்தது என்று தெரியாமல் திண்டாடினேன். இன்னொன்று, பேரப் பிள்ளைகளைக் கூட உட்கார வைக்கலாம். நான் கேட்கத் தயங்கியதை என் மகள் கேட்டாள்: "தாத்தா, லாரியில பாத்ரூம் எப்படிப் போவீங்க?" அந்தப் பதில் தனி ஃபைலாக இருக்கிறது.

பாரமுரா திரிபுராவில் இருக்கிற மலைத்தொடர். 1971-ல் ரயில், அதுவும் மீட்டர் கேஜ், வடக்குத் திரிபுராவில் தர்மநகரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து அகர்தலாவுக்குக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் மலைச்சாலை. லாங்தராய், அதாரமுரா, பாரமுரா என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கின் 4-வது கோர் என்ற பெரும்படை, தலைமையகத்தைத் தெலியாமுராவில் வைத்திருந்தது. டிசம்பர் 3-ம் தேதி போர் வெடித்தது, 16-ம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. பதின்மூன்று நாள் போர் என்று எழுதுகிறார்கள். லாரி டிரைவர்களுக்கு அது பல மாதப் போர். அந்தப் பதின்மூன்று நாளுக்கு வேண்டிய மாவும் எண்ணெயும் குண்டும் மழைக்காலத்திலேயே அந்த ஒற்றைச் சாலையில் ஏறியாக வேண்டும். அதே சாலையில் அகதிகளும் இருந்தார்கள். திரிபுராவின் மொத்த ஜனத்தொகைக்குக் கிட்டத்தட்ட சமமான கூட்டம் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை தாண்டி வந்திருந்த வருஷம் அது. "ரோட்டோரம் பூரா ஜனம். ஹாரன் அடிக்கக் கை வராது" என்றார் அப்பா.

இதில் பாதி அவர் சொல்லாதது. ஊர்ப் பெயர்களை அவர் சொன்னார், மேப்பையும் புத்தகங்களையும் வைத்து நான் கோத்தேன். அவரிடம் "எந்தக் கோர், எந்த ஜெனரல்" என்று கேட்டிருந்தால் "அதெல்லாம் ஆபீசருக்குத்தான் தெரியும்" என்று எழுந்து போயிருப்பார். டிரைவருக்குத் தெரிவது ரோடு. ரோட்டைக் கேட்டால் மிச்சம் தானாக வரும்.

நேரில் ஒரு சக்திமானைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மிலிட்டரி ஏலத்தில் போன பழைய லாரிகள் மலைப் பக்கம் மரம் ஏற்ற ஓடும் என்று கேள்விப்பட்டு, கூடலூர்ப் பக்கம் ஒரு மர டிப்போவில் ஒன்று நிற்பதாகத் தகவல் கிடைத்ததும் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவருக்கு வயது எழுபது. வண்டி கருஞ்சிவப்பு பெயிண்டில் இருந்தது. ராணுவ வண்டி தவிர வேறு எந்த வண்டியும் ஆலிவ் பச்சையில் இருக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி சொல்கிறது. ஏலத்தில் எடுக்கிறவர்கள் முதல் வேலையாக நிறத்தை மாற்றுவது அதனால்தான். கதவு ஓரத்தில் பெயிண்ட் உரிந்த இடத்தில் மட்டும் பழைய பச்சை ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. ஜீப், ஜோங்கா போன்ற பழைய ராணுவ வண்டியை வாங்கி அப்பா நினைவாகப் பச்சை அடிக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு யோசியுங்கள்.

அப்பா நேராகக் கதவைத் திறந்து ஏறி உட்காருவார் என்று எதிர்பார்த்து கேமராவைத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஏறவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு டயரையும் கை முட்டியால் தட்டினார். நட்டுகளைத் தொட்டுக்கொண்டே போனார். பின்னால் வந்ததும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளை இல்லையே."

எனக்குப் புரியவில்லை. ஒரு குச்சியை எடுத்துப் பின் அச்சின் நடுவே பானை மாதிரி உப்பியிருக்கும் டிஃப்ரன்ஷியலைச் சுரண்டினார். மண்ணும் கிரீஸுமாக இரண்டு விரற்கடை தடிமன். சுரண்டச் சுரண்ட அடியில் ஒரு சில்லு வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

இரவில் கான்வாய் போகும்போது ஹெட்லைட் போடக் கூடாது. மேலே விமானம் வந்தால் வரிசை முழுவதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு லாரிக்கும் பின்பக்கம் அடியில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். அதன் வெளிச்சம் வெள்ளையடித்த அந்த டிஃப்ரன்ஷியல் மேல் மட்டும் விழும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பின்னால் வருகிற டிரைவருக்கு மட்டும் இருட்டில் ஒரு வெள்ளை உருண்டை தெரியும். அந்த உருண்டைதான் ரோடு. சிறுத்தால் நீ பின்தங்கிவிட்டாய், பெருத்தால் மோதப் போகிறாய். "நிலாவப் பாத்து வண்டி ஓட்டுற மாதிரி" என்றார்.

"ஒரு ராத்திரி உருண்டை சட்டுனு இடது பக்கம் நகந்துச்சு. வளைவுன்னு நெனச்சு நானும் ஒடிச்சேன். கோ-டிரைவர் பஞ்சாபிக்காரன், என் கையப் புடிச்சு இழுத்தான். நிறுத்திட்டேன். எறங்கிப் பாத்தா முன் வண்டி ரோட்ட விட்டு எறங்கி நிக்குது. ரெண்டு சக்கரம் அந்தரத்துல. மழையில கரை ஒடஞ்சிருக்கு. எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்குற எடம்."

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். விடியும் வரை அந்த லாரியிலிருந்து ஆட்டா மூட்டைகளை ஆளுக்கு ஆள் கைமாற்றி இறக்கினார்களாம். "சோத்துக்கு ஏங்கிக்கிட்டு இருந்த என் தலையில ஆட்டா மூட்டை" என்று சிரித்தார். அந்த இடத்தில்தான் முதல் தடவையாகக் கேட்டேன், பயமாக இருந்ததா என்று. அவர் பதில் சொல்லவில்லை. டிப்போக்காரரிடம், "டிஃப்ரன்ஷியல்ல ஆயில் ஒழுவுது, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது.

இவ்வளவு அவசரமாக அப்பாவைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அம்மாவின் அப்பாவும் மிலிட்டரி டிரைவர்தான், இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடம் சேர்வதற்குள் அவர் போய்விட்டார். மிச்சமிருப்பது ஒரு பர்மா ஸ்டார் மெடலும் ஒரு டிரங்குப் பெட்டியும். திமாப்பூரிலிருந்து கொஹிமா வழியாக இம்பால் போகிற சாலையில் ஓட்டினாரா, 1944 ஜூன் 22-ல் அந்தச் சாலை திரும்பத் திறந்தபோது அங்கே இருந்தாரா, தெரியாது. மெடலில் பெயர் எதுவும் இல்லை. ஆகவே அந்த மெடல் 'யாரோ ஒருவர் பர்மாவில் இருந்தார்' என்று மட்டும் சொல்கிறது. பெட்டியின் மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பரும் பெயரும் இருந்ததாம். அந்த நம்பர்தான் சாவி. எண் இல்லாமல் ராணுவ ஆவணத்தில் ஒரு ஆளைத் தேடுவது, எங்கள் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் 'முருகா' என்று கூப்பிடுவது மாதிரி. ஆனால் சித்தி கல்யாணத்துக்குச் சீர் அனுப்பும்போது பெட்டி அழகாக இருக்கட்டும் என்று யாரோ பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மேடாகத் தெரிகிறது: 4, 7.

வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் இன்றைக்கே மூடியைப் படம் எடுத்து வையுங்கள். பெயிண்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம்.

மெடலுக்கும் இது பொருந்தும். அப்பாவுக்குப் பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல், 1972 சுதந்திர வெள்ளிவிழா மெடல், ஒன்பது வருஷ சேவை மெடல் என்று நாலு. சங்கிராம் மெடலின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார், முப்பது வருஷமாக. பாசத்தோடுதான். இப்போது பூதக்கண்ணாடி வைத்தால்தான் படிக்க முடிகிறது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். விளிம்பை எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட்டு அப்புறம் எதையும் செய்யுங்கள்.

போட்டோக்கள் இரண்டே இரண்டு. ஒன்றில் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டு ஒரு ஜோங்காவின் பானெட்டில் சாய்ந்து நிற்கிறார். "அப்பா இந்த ஜீப்லதான் டாக்காவுக்குள்ள போனாரு" என்று எங்கள் வீட்டில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. நானே பள்ளியில் சொல்லியிருக்கிறேன். படத்தைக் காட்டி வண்டியைப் பற்றிக் கேட்டேன். "இது எங்க வண்டியே இல்லடா, கர்னல் சாபோட வண்டி. கண்ணாடியும் என்னுது இல்ல" என்றார். நிஸ்ஸான் பேட்ரோலை ஜபல்பூரில் செய்து ஜோங்கா என்று பெயர் வைத்தார்கள். அதிகாரிகள் போகிற வண்டி. படத்தின் பின்னால் பெங்களூரு ஸ்டூடியோ ஒன்றின் முத்திரையும் 1974 என்ற வருஷமும் இருந்தன. டாக்கா? "நான் பாத்ததே இல்ல. அகர்தலாவோட திரும்பிட்டோம்." எத்தனையோ பேரிடம் சொன்ன கதை. அன்று இரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திருத்தம் போட்டேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "டாக்கான்னே இருக்கட்டுமே, யாருக்கு நஷ்டம்?" என்றார். எனக்கு என்னவோ அந்த ஆட்டா மூட்டை ராத்திரி டாக்காவை விடப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு படத்தில் நாலு பேர் ஒரு சக்திமான் முன்னால். பம்பர் பக்கத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு எண். ஏதோ பந்தய நம்பர் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும் அந்த வட்டம் உண்மையில் மஞ்சள். பாலத்தின் தாங்கு சக்திக்கான வகுப்பு எண் அது. பாலத்தருகே எழுதியிருக்கும் எண்ணைவிட வண்டியின் எண் பெரிதாக இருந்தால் அதில் ஏற்றக் கூடாது. பழைய படத்தில் ஆட்களின் முகத்தைப் பார்ப்பது போலவே பம்பரையும் மட்கார்டையும் பாருங்கள். நம்பர் பிளேட், படைப்பிரிவின் சின்னம், யூனிட்டைக் காட்டும் சதுரக் குறி எல்லாம் அங்கேதான் இருக்கும். அதற்கு நல்ல ஸ்கேன் வேண்டும். 600 டி.பி.ஐ.க்குக் குறையாமல், பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம். போனில் எடுத்தாலும் பரவாயில்லை, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.

காகிதங்களில் முக்கியமானது, ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக். எங்களுடையது நைந்து போயிருந்ததால் பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கத்தை லேமினேட் செய்யக் கொடுத்தேன். சூட்டில் மை பரவிவிட்டது, ஒரு பக்கம் சுருங்கியது. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன, கொடுத்தது நான். லேமினேஷன் வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் தளர்வாக வையுங்கள். கெட்டுப்போன பக்கத்திலிருந்த விவரத்துக்காக பெங்களூருவில் உள்ள ஏ.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு அப்பா கையெழுத்தோடு எழுதினோம். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனித்தனி ரெக்கார்ட்ஸ் உண்டு, தப்பான இடத்துக்கு எழுதினால் வருஷம்தான் ஓடும். எண், பெயர், ரேங்க், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி ஐந்தும் கடிதத்தின் தலையிலேயே இருக்கட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் கடிதம் எழுத வழி சொல்வார்கள்.

அந்தக் காகிதங்களைப் புரட்டியபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. பதிவேட்டில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை, பிறந்த தேதியும் வேறு. பிற்பாடு குடும்பப் பென்ஷனுக்கு அம்மாவை அலைய வைத்திருக்கும். அப்பா இருக்கும்போதே, அவர் கையெழுத்திலேயே திருத்தினோம். ஞாபகத்தைத் தேடிப் போய்க் கிடைத்த உருப்படியான லாபம் இது. பெருமையில் டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆணையையும் படம் எடுத்து குழுக்களில் போடாதீர்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு 'பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம்' என்று போன் வரும். எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு வந்தது.

இப்போது ஒரு பெரிய சார்ட் தாளில் தர்மநகரிலிருந்து அகர்தலா வரை சாலையை வரைந்துகொண்டிருக்கிறோம். கோடு என் மகள் போடுகிறாள், அப்பா இடம் சொல்கிறார். இங்கே டீக்கடை, இங்கே மூங்கில் காடு, இங்கே டயர் மாற்றியது. அம்பாசாவுக்கும் தெலியாமுராவுக்கும் நடுவே, அதாரமுரா ஏற்றத்தில், ஒரு சாண் அளவுக்குத் தாள் வெறுமையாக இருக்கிறது. அங்கே என்ன என்று மகள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அது ராத்திரியிலதான் தாண்டுவோம் கண்ணு. வெள்ளை உருண்டை ஒண்ணு போடு."